குப்பையில்லா முகாமுக்கு அறுபது பை

வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கும் அந்தப் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். போகும்போது ஒரு டிராக்டர் குப்பையை விட்டுவிட்டுப் போவார்கள். பாதி குடித்த தண்ணீர் பாட்டில், கழுத்தில் மாட்டிய பெயர் அட்டை, ஒரு பக்கம்கூட எழுதாத நோட்டு, கை வைக்காத சாம்பார் சாதம். நான்கு வருடமாக இதையெல்லாம் ஆள் வைத்து அள்ளிக் கொட்டுகிற வேலை சசிகலாவுடையது. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்று அவள் சட்டைப் பையில் எழுதியிருக்கும்.

தை மாதம் மாதவராஜ் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். முப்பத்தைந்து வயசுதான் இருக்கும். குப்பை மேட்டை ஒரு சுற்று சுற்றி வந்தவர், அன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

"இனிமே இங்க வர்ற முகாம்ல குப்பையே இருக்கக் கூடாது" என்றார். "பாட்டில் கிடையாது. ஆளுக்கு ஒரு சில்வர் டம்ளர், பேர் எழுதி ஒட்டிடலாம், ரெண்டு நாளும் அதேதான். பெயர் அட்டைய போகும்போது திருப்பி வாங்கிடணும். கை கழுவற எடத்துல ஒரு தராசு. தட்டுல மிச்சம் வெக்கிறத அவங்க கண்ணு முன்னால நிறுத்து, போர்டுல எழுதணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். புதுசாக வருகிற மேனேஜர் ஏதாவது சொல்லத்தான் செய்வார். ஆனால் இவர் சொன்னதோடு நிற்கவில்லை, தராசு வாங்கி வந்துவிட்டார்.

தராசு வேலையைச் சசிகலா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தட்டு மிச்சத்தைக் கொட்டுகிற தொட்டியைத் தூக்கி வைக்க வேண்டும், எண்ணைப் படிக்க வேண்டும், எழுத வேண்டும். அதற்கு மேல் அந்த வேலை அவளிடம் எதையும் கேட்காது. அவளுக்கு அந்தச் சமயத்தில் அப்படிப்பட்ட வேலைதான் தேவைப்பட்டது.

ஐப்பசியில் அவள் மகன் குரு செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில், வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, பைக். ஒரே பிள்ளை. ஊரே அழுதது, சசிகலா அழவில்லை. துக்கத்தை அடக்கிக்கொண்டாள் என்று சொன்னவர்கள் உண்டு, கல் நெஞ்சக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதடு நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கருமாதி முடிந்த நான்காம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் அவளும் புருஷன் கோவிந்தனும் பேசிக்கொள்வது சோறு ஆச்சா, கரண்ட் வந்துச்சா, மோட்டார் போட்டியா என்பதோடு சரி. மகன் பேரை இருவருமே எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் எதுவும் இல்லை, எப்படியோ அப்படி ஆகிவிட்டது.

மாசியில் அறுபது பேர் கொண்ட ஒரு கம்பெனிக் கூட்டம் வருவதாக இருந்தது. முழுக்கக் குப்பை இல்லாமல் நடக்கப்போகிற முதல் முகாம் அதுதான் என்று மாதவராஜ் குதித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கு வழக்கமாக ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொடுப்பார்கள். அதற்குப் பதில் பழைய ஃப்ளெக்ஸில் தைத்த பை கொடுக்கலாம் என்பது அவர் யோசனை.

"நம்ம ஊர்ல ஃப்ளெக்ஸ் இல்லாத வூடு ஏது?" என்றார். "காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சி, எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. படம் உள்பக்கம் போயிடும். வெள்ளைப் பக்கம் வெளிய வரும், அதுல நம்ம பேரை அடிச்சிக்கலாம்."

சசிகலா வீட்டில் எட்டு ஃப்ளெக்ஸ் இருந்தது.

குரு செத்த அன்று சாயங்காலமே அவன் கூட்டாளிகள் வைத்தது. பஸ் ஸ்டாப்பில் ஒன்று, தண்ணீர் டேங்கில் ஒன்று, அவன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு என்று எட்டு இடத்தில் ஒரே படம், கண்ணீர் அஞ்சலி. கருமாதி முடிந்ததும் அவர்களே கழற்றிச் சுருட்டி, கயிறு கட்டி, வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மற்ற ஃப்ளெக்ஸ் என்றால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோல் போருக்குப் போர்வையாகும். இதை எதன்மேல் போர்த்துவது? "அத மேல போடு" என்றான் கோவிந்தன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சமையல்கட்டு ஸ்லாப்பின் மேல் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்ததை அவள் கண்டதில்லை. அவனுக்கு அது ஆகவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

மேனேஜர் கேட்டார், வீட்டில் இருந்தது, கொண்டுவந்து கொடுத்தாள். இதைத் தவிர அன்றைக்கு அவள் மனதில் வேறு எதுவுமே ஓடவில்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை. ஆபீஸ் மூலையில் குவித்திருந்த குவியலோடு அவள் கட்டைப் போடும்போது, சமையல்கட்டில் வேலை பார்க்கும் குள்ளம்மாள் ஒரு நுனியைப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது நம்ம குரு படமில்ல?"

"பழசுதான்" என்றாள் சசிகலா.

குள்ளம்மாள் நுனியைப் பழையபடி சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள். தர்மபுரியிலிருந்து டெய்லர் ஜமீர் வந்து குவியல் மொத்தத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அவரும் அவர் வீட்டம்மா ஜான் பீயும் இரண்டு மிஷினில் உட்கார்ந்து நான்கே நாளில் அறுபது பையைத் தைத்து முடித்துவிட்டார்கள்.

முகாம் ஆரம்பித்தது. வந்தவர்கள் இறங்கியதும் முதல் காரியமாகக் கொண்டு வந்ததை விரித்தார்கள். பத்தடிக்கு எட்டடியில் பளபளவென்று புது ஃப்ளெக்ஸ். "குப்பையில்லா உலகம் செய்வோம்" என்று போட்டிருந்தது. மாதவராஜ் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்துவிட்டு, அதை ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார். மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. டம்ளர்களில் பெயர் இருந்தது. முதல் நாள் மத்தியானம் மிச்சச் சோறு பதினோரு கிலோ. போர்டைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆறு கிலோ. மறுநாள் காலை இரண்டரை. தட்டைக் கொண்டுவருகிறவர்கள் பரீட்சை பேப்பர் நீட்டுகிற மாதிரி சசிகலாவிடம் நீட்டினார்கள். அவள் நிறுத்தாள், எழுதினாள். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. நல்ல ஸ்ட்ரிக்ட் லேடி என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அறுபது தோளிலும் அறுபது வெள்ளைப் பை தொங்கியது. அது அவள் கண்ணில் பட்டும் படவில்லை.

இரண்டாம் நாள் பன்னிரண்டரை மணிக்கு அவள் போன் அடித்தது. கோவிந்தன். பகலில் அவன் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

"ஸ்லாப்பு மேல சுருட்டி வெச்சிருந்தது எங்க?" என்றான்.

"எது?"

"அதுதான்."

"சென்டருக்குக் குடுத்துட்டேன். பை தைக்கிறோம்னு கேட்டாங்க."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எட்டுமா?" என்றான்.

"எட்டும்தான்."

"ஒண்ணுகூடவா எடுத்து வெக்கல?"

"நீங்கதான் அதப் பாக்கறதேயில்லியே."

"தெனம் மத்தியானம் பாப்பேன்" என்றான் கோவிந்தன். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "தோட்டத்துலேருந்து வந்து, ஒண்ண எடுத்து கீழ விரிச்சிப் போட்டு, பக்கத்துல செத்த படுத்திருப்பேன். மூஞ்சி ஆள் மூஞ்சி அளவு இருக்கும். நீ வர்றதுக்குள்ள மேல வெச்சிடுவேன். ஒரு வாரமா காணல. எலி கிலி இழுத்துட்டுப் போச்சோன்னு வூடு பூரா தேடிட்டேன்."

"ஒரு வாரமா ஏன் கேக்கல?"

"எப்படி கேக்கறது?" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

சசிகலா தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். வீட்டில் குரு படம் வேறு இல்லாமல் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்தது, பத்தாவது ஹால் டிக்கெட்டில் முறைக்கிறது, எல்லாம் தீப்பெட்டி அளவு. அவன் போனில் இருந்ததெல்லாம் போனோடு நொறுங்கிவிட்டது. ஃப்ளெக்ஸில் இருந்தது யாரோ கூட்டாளி எடுத்த படம், அதில் சிரித்துக்கொண்டிருப்பான். இந்நேரம் அது துண்டு துண்டாக அறுபது பேர் தோளில் தொங்குகிறது. நான்கு மணிக்கு அவர்களுடைய பஸ் கிளம்பிவிடும். அதற்குள் ஒரு துண்டாவது கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த மனுஷன் முகத்தில் இனி விழிக்க முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. ஜமீருக்குப் போன் போட்டாள்.

"பாய், அந்த அஞ்சலி ஃப்ளெக்ஸெல்லாம் எப்படி வெட்னீங்க?"

"ஏம்மா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"மூஞ்சியெல்லாம் துண்டு துண்டா ஆயிடுச்சா?"

"சேச்சே" என்றார் ஜமீர். "மூஞ்சி மேல நான் கத்திரி வெக்க மாட்டேம்மா. கட்சிக்காரனா இருந்தாலும் சரி, கல்யாணப் பொண்ணா இருந்தாலும் சரி. கழுத்து வரைக்கும் முழுசா ஒரு பக்கத்துல வர்ற மாதிரி அட்டை வெச்சி வரைஞ்சிக்குவேன். எழுத்து, பூவு, அதெல்லாம்தான் கைப்பிடிக்கும் அடிப்பக்கத்துக்கும் போவும். துணி கொஞ்சம் வீணாவுது, ஆவட்டும்னு உட்டுட்டேன். ஏம்மா, யாரு படம் அது?"

"தெரிஞ்சவங்க பையன்" என்றாள் சசிகலா.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. கூட்டம் கலைந்து டைனிங் ஹாலுக்குப் போனது. முக்கால்வாசிப் பேர் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சசிகலா தராசைக் குள்ளம்மாளிடம் விட்டுவிட்டு மீட்டிங் ஹாலுக்குள் நுழைந்தாள். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பையாகத் திறந்து உள்ளே பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் பையில் கைகூப்பிய கவுன்சிலர். அடுத்ததில் மஞ்சள் நீராட்டு விழாப் பெண் ஒன்று, தலை கொள்ளாத பூவோடு. ஒரு பையில் மாப்பிள்ளை, நான்கு நாற்காலி தள்ளி இன்னொரு பையில் அவன் பெண்டாட்டி. ஜமீர் பாய் முகத்தைக் காப்பாற்றுகிற முனைப்பில் தம்பதியைப் பிரித்துவிட்டார். மூன்றாவது வரிசைக் கடைசியில், சார்ஜர் ஒயருக்கும் ஈரத் துண்டுக்கும் பின்னால், குரு சிரித்துக்கொண்டிருந்தான். முழு முகம். மோவாயில் இருக்கும் தழும்பு முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தது.

அவள் துண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தபடி நின்றாள். ஆள் வந்தது தெரியவில்லை.

"எக்ஸ்கியூஸ் மீ, அது என் பை" என்றது ஒரு குரல். ஐஸ்வர்யா என்று அட்டை தொங்கியது. பெங்களூர்த் தமிழ்ப் பெண், இருபத்தைந்து இருக்கும். அவளுக்குப் பின்னால் வந்த ஓர் ஆள், சசிகலாவின் கையையும் திறந்து கிடந்த மற்ற பைகளையும் பார்த்துவிட்டு, வேகமாக வெளியே போனான். எதற்குப் போகிறான் என்பது சசிகலாவுக்குப் புரிந்தது. அடுத்தவர் பையைத் துழாவுகிற வேலைக்காரிக்கு உலகத்தில் ஒரே பெயர்தான். ஆனால் அவளுக்குப் பதற்றம் வரவில்லை, பையை விட்டுக் கையை எடுக்கவும் இல்லை.

மாதவராஜ் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் சாம்பார் ஒட்டியிருந்தது.

"சசிகலா, என்ன இது? கெஸ்ட்டோட பைய ஏன் தொறக்கறீங்க?"

நான்கு மாதமாகச் சொல்லாத வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"எம் பையன் சார்" என்றாள்.

மாதவராஜ் திரும்பி வாசலைப் பார்த்தார். "எங்க?"

"பைக்குள்ள."

அவருக்குப் புரியவில்லை. தை மாதம் வந்த மனுஷன், யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஐஸ்வர்யாதான் முதலில் குனிந்து பைக்குள் பார்த்தாள். முகத்துக்குக் கீழே தையலுக்குள் பாதி போயிருந்த தேதியைப் படித்தாள். தோற்றம் ஒன்று, மறைவு ஒன்று. பையை அப்படியே நாற்காலிமேல் கவிழ்த்தாள். சார்ஜர், துண்டு, சீப்பு, பாதி கடித்த கடலை மிட்டாய் எல்லாம் விழுந்தன. பையை உள்வெளியாகத் திருப்பி, முகத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்து, சசிகலாவிடம் கொடுத்தாள்.

"இன்னும் இருக்கா ஆண்ட்டி?"

"எட்டு. அவங்கப்பா கேக்கறாரு" என்றாள் சசிகலா. "எனக்குத் தெரியலீங்க. அவரு பாக்கறதேயில்லன்னு நெனச்சிக் குடுத்துட்டேன்."

ஐஸ்வர்யா டைனிங் ஹாலுக்குப் போய் என்ன சொன்னாளோ தெரியாது. தட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அவரவர் பையைக் கவிழ்த்து, திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் மலையையும் மரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், யார் யாரைச் சுமந்துகொண்டு திரிந்தோம் என்று அப்போதுதான் பார்த்தார்கள். ஒருத்தன் கையில் பொக்கைவாய்க் கிழவர், ஒருத்தி கையில் மொட்டையடித்த காதுகுத்துக் குழந்தை. குரு இருந்த பைகளை மட்டும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். ஏழு வந்தது. ஒரே சிரிப்பு ஏழு தடவை. எட்டாவது பை ஆரோக்கியராஜ் என்பவரிடம் இருந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்.

ஐஸ்வர்யா அவருக்குப் போன் போட்டாள். ஓசூர் தாண்டிவிட்டாராம். பையைப் பார்த்துவிட்டு, ஆமாம், இருக்கிறது, கொரியரில் அனுப்பிவிடுகிறேன் என்றார்.

"வேணாங்க" என்றாள் சசிகலா. "அவரே வெச்சிக்கட்டும். சுடுதண்ணியில மட்டும் அலச வேணாம்னு சொல்லுங்க. மூஞ்சி போயிடும்."

ஐஸ்வர்யா போனை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சசிகலா அழவில்லை. உதட்டிலிருந்து மருந்து இறங்கும்போது குறுகுறுவென்று ஒன்று வருமே, அது மட்டும் லேசாக வந்துவிட்டுப் போனது.

அப்புறம் அவள் தராசுக்குத்தான் போனாள். சாப்பாட்டின் நடுவே எழுந்து வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய் உட்காரவில்லை. அப்பளம் நமுத்து, ரசம் ஊற்றிய சோறு ஊறி, தட்டுத் தட்டாகக் கிடந்தது. எல்லாவற்றையும் வழித்துத் தொட்டியில் போட்டு நிறுத்தாள். பதினான்கு கிலோ. முகாமிலேயே அதுதான் அதிகம்.

"பதினாலு சார்" என்றாள். தன்னால்தான் என்று ரொம்பச் சங்கடமாக இருந்தது அவளுக்கு.

மாதவராஜ் போர்டுக்கு முன்னால் சாக்பீஸோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, இரண்டரைக்குக் கீழே பதினான்கு என்று எழுதினார். "கவர்மென்ட் பஸ் அஞ்சரைக்குத்தான் வரும். நீங்க இப்பவே கெளம்புங்க, வண்டில கொண்டாந்து உடச் சொல்றேன்" என்றார்.

அவள் வீட்டுக்குப் போனபோது வெயில் இன்னும் இருந்தது. கோவிந்தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஏழு பையையும் அவன் மடியில் வைத்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான், மூடினான், அடுக்கினான்.

"ஒண்ணு?" என்றான்.

"பெங்களூர் போயிடுச்சு."

"போவட்டும்" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. சோறு தின்றார்கள். அவன் ஏன் கொடுத்தாய் என்று கேட்கவில்லை, அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நான்கு மாதம் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஒரே சாயங்காலத்தில் என்ன பேசிவிட முடியும்? படுக்கும்போது அவள் மனசு காலையில் இருந்த மாதிரியேதான் மரத்துக் கிடந்தது.

விடிந்ததும் அவள் அடுப்பில் பாலை வைத்தாள். கோவிந்தனைக் காணவில்லை. ஏழு பையில் ஒன்றையும் காணோம். கொஞ்ச நேரத்தில் தெருவில் வருவது தெரிந்தது. வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வந்து உட்கார்ந்து பையைப் பிரித்து, தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு கத்திரிக்காய், கொத்தமல்லி. சந்தைக்கோ கடைக்கோ அவன் போய் எத்தனையோ நாளாகிவிட்டது.

"கடைக்குப் போய்ட்டு வாடான்னா என்னிக்காச்சும் ஒரு நாள் போயிருக்கானா?" என்றான் கோவிந்தன், பைக்குள் பார்த்துக்கொண்டே. "பத்து தடவ கத்தணும். அப்பயும் இதோ போறேன் இதோ போறேன்னு போன நோண்டிக்கினு கெடப்பான். இன்னிக்கி கம்முனு வந்தான்."

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சோம்பேறி, சோம்பேறிப் பய, என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு அவள் சொன்னது எதுவும் வார்த்தையாக இல்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் வாசலுக்கு ஓடி வருகிற அளவுக்கு அழுதாள். கோவிந்தன் தக்காளியைத் தள்ளிவிட்டு வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. இருவரும் எழுந்து போகவில்லை.